வைட்டமின் அண்ணாத்தேயின் கல்யாணம்

வயதாவது என்பது வேண்டாதவர்கள் யாரோ தன் மேல் போட்ட பொய் வழக்கு என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் வைட்டமின் அண்ணாத்தேதான். அந்த வழக்கை மாத்திரைகளை வைத்தே வாதாடி ஜெயித்துவிடலாம் என்று அவர் கடைசிவரை நினைத்தார். கடைசிவரை என்றால், கஸ்தூரி வரும்வரை.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடியில் ராணுவத்துக்கான ஃபேக்டரி ஒன்றில் எனக்கு ஃபிட்டர் வேலை. சேக்காட்டில் ஒரு வரிசை வீட்டில், ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், வெல்டிங் வேலை பார்த்ததால் வெல்டர் என்றே பெயராகிப்போன ஒருவன், அப்புறம் வைட்டமின். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். சொந்த ஊர் கரையான்சாவடி. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, தம்பிக்கும் கல்யாணம் பண்ணிவைத்து, வீட்டைத் தம்பி குடும்பத்துக்கே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு நாற்பத்து நாலு வயது. தலையில் பாதி நரை. அன்று பிடித்ததுதான் இந்த மாத்திரைப் பைத்தியம்.

எங்கள் அறையில் சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் அவருடைய பாட்டில்கள் வரிசையாக நிற்கும். காலையில் குளித்து, கிழக்கே பார்த்து நின்று, ஒவ்வொரு மாத்திரையாக உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். "இது கண்ணுக்கு... இது எலும்புக்கு... இது ரத்தத்துக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் விழுங்குவார். சொல்லாவிட்டால் மாத்திரை வழி தவறி வேறு எங்காவது போய்விடும் என்பது அவர் கவலை.

"சோறு துன்ன வேணாவா அண்ணாத்தே?" என்று வெல்டர் கேட்பான்.

"சோத்துல இன்னாடா கீது? வெறும் மாவு. ஒரு குண்டான் சோத்துல கீற சத்து இந்த ஒத்த மாத்திரைல கீது. இன்னும் கொஞ்ச நாள்ல ஊர்ல ஒருத்தன் அடுப்பு மூட்ட மாட்டான், பாத்துக்கினே இரு."

சொல்லிவிட்டு மேலே ஒரு டீயும் பன்னும் உள்ளே தள்ளுவார். அத்தோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. அந்த உடம்புக்கு அது எப்படிப் போதும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. இளவட்டங்களுக்கு அடுத்தவன் வயிறு எங்கே கண்ணுக்குத் தெரிகிறது?

மீன் எண்ணெய் மாத்திரையை மட்டும் அவர் விழுங்க மாட்டார். கடித்தால்தான் சத்து பல்லில் ஏறுமாம். ஒருநாள் அப்படிக் கடித்துவிட்டுப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினார். ஒரு ஏப்பம் விட்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிட்டார். இன்னொரு ஏப்பம். முன் வரிசையே எழுந்துவிட்டது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யார்யா அது மீன் கூடைய உள்ள ஏத்துனது? லக்கேஜ் டிக்கெட் எடு!" என்று பஸ் முழுக்கத் தேடினார். வைட்டமினும் அவரோடு சேர்ந்து குனிந்து சீட்டுக்கு அடியில் தேடினார்.

தான் சாப்பிட்டதோடு விட்டாரா? எங்கள் ஃபோர்மேனுக்கு வழுக்கை. அதே எண்ணெயைத் தலையில் தடவச் சொன்னார். ஃபோர்மேனும் ஆசைப்பட்டுத் தடவிக்கொண்டார். மறுநாள் குவார்ட்டர்ஸ் பூனைகள் எல்லாம் அவரை ஃபேக்டரி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பிப் போயின.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைத்தது. பருத்திப்பட்டு கஸ்தூரி. சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் தையல் வேலை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள். அப்பா போனபின் தாய்மாமன்தான் அவளுக்கு எல்லாம். வைட்டமினைப் பார்த்தாள், சரி என்றாள். அன்று அறைக்கு வந்த மனுஷன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாரிஸ் கார்னர் போய் ஒரு பெரிய பாட்டில் வாங்கிவந்தார். பி-காம்ப்ளெக்ஸ். அதுவரை அவர் கைபடாத ரகம். திறந்ததும் அறையே ஒரு மாதிரி நாறியது.

"மாப்ள ஊட்டுக்காரங்கன்னா மொகத்துல ஒரு களை வோணும்டா. ஆளுக்கு ரெண்டு முழுங்குங்க" என்று எங்கள் கையிலும் போட்டார். விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார்.

மறுநாள் காலை. வரிசை வீட்டுக்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரே கக்கூஸ். முதலில் வெல்டர் பாட்டுப் பாடிக்கொண்டே போனான். வரும்போது பாட்டு இல்லை. அடுத்து நான் போனேன். குனிந்து பார்த்தேன். சிறுநீர் பளீரென்று மஞ்சள். கல்யாண வீட்டுக்கு மங்களகரமான நிறம்தான், ஆனால் வரக்கூடாத இடத்தில் வந்திருந்தது. பேசாமல் வெளியே வந்தேன். கடைசியாக வைட்டமின் போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை.

மூன்று பேரும் வாயைத் திறக்காமல் டீக்கடைக்குப் போனோம். "டீ வேணாம், மோர் இருக்கா?" என்றேன். வெல்டர் வடையை வேண்டாம் என்று தள்ளினான். அவன் வடையைத் தள்ளியதும் டீக்கடைக்காரருக்கே பயம் வந்துவிட்டது.

"இன்னாடா, ஒனக்குமா?" என்று வைட்டமின் மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்குமா அண்ணாத்தே?" என்று வெல்டர் திருப்பிக் கேட்டான்.

மூவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தோம். மஞ்சள் காமாலையேதான் என்று முடிவாயிற்று. பயத்தில் எல்லோர் கண்ணும் எல்லோருக்கும் மஞ்சளாகவே தெரிந்தது. காமாலைக்குக் கீழாநெல்லியை விட்டால் வேறு மருந்து ஏது? பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிறைய முளைத்திருக்கும் என்று ஓடினோம். அது பெண் வீட்டுக்குக் கூப்பிடு தூரம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கரையில் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கஸ்தூரியின் தாய்மாமன்.

"இன்னா மாப்ள, இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

வைட்டமின் வாயைத் திறக்குமுன் வெல்டர் முந்திக்கொண்டான். "ஒண்ணும் இல்ல நைனா, மாப்ளைக்கு லேசா மஞ்சக்காமாலை. எங்களுக்கும் கீது. நீ ஒண்ணும் கவலப்படாத!"

மாமன் முகம் மாறிவிட்டது. "காமாலையா? நாளைக்குத் தாலிய வெச்சிக்கினு காமாலையா? நிறுத்துங்கயா கல்யாணத்த!" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வைட்டமின் அப்படியே கரையில் உட்கார்ந்தார். பிடுங்கிய செடி கையிலேயே இருந்தது. "நாப்பத்து நாலு வயசுல ஒருத்தி என்னப் பாத்து சரின்னு சொன்னாடா. அதுவும் பூட்ச்சி" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

மத்தியானம் சேக்காட்டு வரிசை வீட்டு வாசல்களில் எல்லாம் தலைகள் முளைத்தன. கல்யாணப் பெண் தானே நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். பின்னால் தாய்மாமன், "வாணாம் கஸ்தூரி, ஊரு இன்னா சொல்லும்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். அவள் நேராக எங்கள் அறைக்குள் நுழைந்தாள்.

வைட்டமின் எழுந்து நின்றார். "மாமா சொல்லிட்டாரு. நிறுத்திடலாம். ஒன்மேல தப்பே இல்ல" என்றார்.

"யாரு நிறுத்த வந்தா? கீழாநெல்லி அரைச்சி மோர்ல கலக்கி எட்த்தாந்தேன். காமாலன்னா ஆள உட்டுட்டுப் பூடுவாங்களா? மொதல்ல கண்ணக் காட்டுங்க."

அவர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் வெல்டர். அப்புறம் நான். மூன்று பேர் கண்ணும் சுத்தமான வெள்ளை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். புது பாட்டிலை எடுத்து மோந்தாள்.

"இத எல்லாருமா முழுங்கினீங்க?"

தலையாட்டினோம். கஸ்தூரி சிரிக்க ஆரம்பித்தாள். "எங்க ஃபேக்டரி ஆஸ்பத்திரில தலைவலின்னாலும் இதான், கால்வலின்னாலும் இதான். துன்னா அப்டித்தான் மஞ்சளா போவும். ஒடம்பு தனக்கு வேணும்ன்றத எட்த்துக்கினு மிச்சத்த வெளிய தொரத்துது. இதுவா காமால?"

"அப்போ நா முழுங்கினதுல பாதிக்கு மேல..." என்று இழுத்தார் வைட்டமின்.

"கக்கூஸுக்குத்தான். அதுக்கு இனிமே ஒரு சத்துக் கொறையும் வராது."

தாய்மாமன் வாசலில் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அரைத்தது வீணாகக் கூடாது என்று அந்தக் கசப்பு மோரை எங்கள் மூவரையும் குடிக்க வைத்துவிட்டுத்தான் அவள் ஓய்ந்தாள். குடித்து முடித்ததும் வைட்டமினைப் பார்த்தாள். "காலைல இன்னா சாப்ட்டீங்க?"

அவர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். "கண்ணுக்கு ஒண்ணு, எலும்புக்கு..."

"அத்த கேக்கல. சோறு. சோறு இன்னா சாப்ட்டீங்க?"

வைட்டமின் தலையைக் குனிந்தார். "ஒத்த ஆளுக்கோசரம் அடுப்பு மூட்ட மனசு வர்ல கஸ்தூரி" என்றார்.

அத்தனை மாதம் கூடவே இருந்த எங்களிடம் அவர் சொல்லாத பதில் அது. நாங்கள் கேட்கவும் இல்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரு எழுதிக் குடுத்தா மாத்திர துன்னுங்க, வேணாங்கல. நீங்களா வாங்கித் துன்னாதீங்க. நாளைக்கு நேரத்தோட வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு மாமனோடு கிளம்பினாள்.

நடு வயதில் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று இப்போது என் வயதுக்காரர்கள் என்னையும் கேட்கிறார்கள். கஸ்தூரி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கல்யாணம் நடந்தது. பருத்திப்பட்டில் அவள் வீட்டு வாசலில் பந்தல், பந்தி, வாழை இலை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கஸ்தூரி, புதுப்பெண் என்ற வெட்கம் எதுவும் இல்லாமல், "இங்க இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று அண்ணாத்தே தலை நிமிராமல் சாப்பிட்டார். நானும் வெல்டரும் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம், பந்தியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. சாப்பிடாமலே எனக்கு வயிறு நிறைந்தது அந்த ஒரு கல்யாணத்தில்தான்.