அவுட்பொக்ஸில் கிடந்த ராஜினாமா

"வாற மாசத்தில இருந்து நுகேகொடைக் கிளைக்கு நீங்கள்தான் மனேஜர், பிள்ளை" என்று முதலாளி இராசரத்தினம் சொன்னபோது, செலீன் தன் தேநீர்க் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போவதற்காக.

"நானோ, சேர்?"

"வேற ஆர்? தனி அறை. புது ஏசி. அங்க நீங்கள் நிம்மதியா இருப்பீங்கள்."

இவ்வளவையும் அவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் அதே கோலத்தில் திரும்பி நடந்து, கதவு நிலையில் நன்றாக ஒரு முட்டு முட்டிக்கொண்டு, தன் கண்ணாடி அறைக்குள் போய்ச் சேர்ந்தார்.

செலீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் அனுப்பிய ஈமெயிலைப் படித்த எந்த முதலாளியும் கிளை கொடுக்க மாட்டார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். அப்படித் தள்ளுவதற்கு முன் கோப்பையையாவது மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவள் இன்று, திங்கட்கிழமை, வந்ததே.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்திலிருந்து பிறருடைய சாமான்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் கம்பனி அது. செலீனின் மேசை, முதலாளியின் கண்ணாடி அறைக்கு நேர் முன்னால். தலையை நிமிர்த்தினால் இராசரத்தினத்தின் முகம். குனிந்தால் மேலேயிருந்து ஏசித் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீரைப் பிடிக்க அவளுடைய மேசையில் ஓர் ஐஸ்கிறீம் டப்பா வைத்திருந்தார்கள். மழை நாட்களில் முதலாளியின் நனைந்த காலுறைகள் அவளுடைய ஃபைல் ராக்கையில் காயும்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். தங்கச்சியின் நிச்சயதார்த்தத்துக்கு அரைநாள் லீவு கேட்டபோது, "போங்கோ பிள்ளை. ஆனால் அந்த டப்பாத் தண்ணியை ஊத்திப்போட்டுப் போங்கோ" என்று சொன்னாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

உட்கார்ந்து ஒரே மூச்சில் ராஜினாமாவை எழுதினாள். காகிதத்தில் எடுத்து அவருடைய மேசையில் 'டப்' என்று அடித்து வைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. பிறின்ட் கொடுத்தாள். பிறின்டரில் காகிதம் இல்லை. காகித அலுமாரியின் சாவியோ முதலாளியின் பொக்கெட்டில், முதலாளியோ வெளியே. கோபம் ஆறுவதற்குள் அதையே ஈமெயிலில் போட்டு, சாட்சிக்கு டப்பாவையும் காலுறைகளையும் பல கோணங்களில் கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணைத்து, சென்டை அமத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை.

இப்போது கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தாள். ராஜினாமா போகவில்லை! அவுட்பொக்ஸில், படங்களின் பாரம் தாங்காமல், அப்படியே படுத்துக் கிடந்தது.

செலீன் அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு, கோப்பையை மேசையில் திரும்ப வைத்தாள். நுகேகொடை! அவள் வீடு ஒஃபிசுக்குப் பின் ஒழுங்கையில்தான். நுகேகொடைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனால் என்ன? இராசரத்தினத்தின் முகமில்லாத ஓர் அறைக்காக அவள் கால்நடையாகவே போகத் தயாராக இருந்தாள். இனிச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கிடக்கும் மடலை அழித்துவிட வேண்டும்.

அழித்தாள். அழியவில்லை. 'இந்த மடல் இப்போது அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது, தொட முடியாது' என்ற கருத்தில் திரை ஆங்கிலத்தில் அதட்டியது.

அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறதா? செலீன் சட்டென்று மெயில் புரோகிராமை ஓஃப்லைனில் போட்டாள். மடல் நின்றது. கூடவே கம்பனியின் மற்ற எல்லா மடல்களும் நின்றன. முதலாளியின் சொந்த விலாசத்தை விட்டால், கம்பனிக்கு இருந்தது ஒரே ஒரு பொது விலாசம், அது இருந்தது செலீனின் கொம்பியூட்டரில்.

"செலீன், என்ட மெயில் ஒண்டும் போகுதில்லை" என்று பக்கத்து மேசையிலிருந்து எட்வேட் கத்தினான். கணக்குப் பார்க்கும் எட்வேட்டுக்கும் நுகேகொடையில் ஒரு கண். "துறைமுகத்தில கொன்டெய்னர் நிக்குது. கஸ்டமர் ஃபோனில கிழிக்கிறான்."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"நீர் அதைப் பாக்கிறீர், அது உம்மைப் பாக்குது. ஓஃப் பண்ணி ஓன் பண்ணும்."

எட்வேட்டின் வாயிலிருந்து வந்த யோசனை என்றாலும், அது யோசனைதான். செலீன் புரோகிராமை மூடித் திறந்தாள். திறந்ததோ இல்லையோ, அது பழையபடி ஒன்லைனுக்குத் தாவி, தூங்கி எழுந்த புத்துணர்ச்சியோடு முதல் வேலையாக ராஜினாமாவை அனுப்பத் தொடங்கியது. பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து பாதியைத் தாண்டியது.

செலீன் மேசைக்கடியில் பாய்ந்து, கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்கினாள்.

பச்சைக் கோடு நின்றது. மின்விசிறியும் நின்றது. முதலாளியின் அறை இருண்டது. வருடக்கணக்காக ஒழுகிய ஏசி முதன்முறையாக ஒழுகாமல் நின்றது.

"என்ன பிள்ளை நடந்தது?" கண்ணாடிக்கு அப்பாலிருந்து பத்திரிகை கேட்டது.

"மெயில் வேலை செய்யுதில்லை, சேர்" என்றாள் மேசைக்கடியிலிருந்து.

"அதுக்கேன் லைற் போனது?"

"அதைத்தான் சேர் தேடிக்கொண்டிருக்கிறன்."

"உங்களை நான் இனிக் கஷ்டப்படுத்தக் கூடாது" என்று பத்திரிகை பரிவோடு சொன்னது. "மருதானையில இருந்து மெல்ரோயைக் கூப்பிடுறன்."

கொம்பியூட்டர் திருத்தும் மெல்ரோய் வேலை தெரிந்தவன். இந்த நேரத்தில் செலீனுக்கு வேண்டியிருந்தது வேலை தெரியாதவன் ஒருவன்.

மெல்ரோய் த்ரீவீலரில் வந்து இறங்கினான். வந்த கையோடு வயர்களைச் செருகினான். ஒஃபிஸ் பூராவும் வெளிச்சம் வந்தது, டப்பாவில் தண்ணீரும் சொட்டத் தொடங்கியது. செலீன் முந்திக்கொண்டு புரோகிராமை ஓஃப்லைனில் போட்டாள்.

"மிஸ், ஒண்டுக்கும் பயப்பட வேணாம்" என்று மெல்ரோய் கதிரையை இழுத்துப் போட்டான். "இந்தக் கையால இண்டைக்கு வரைக்கும் ஒரு மெயிலும் தொலைஞ்சதில்லை."

"ஒண்டு ரெண்டு தொலைஞ்சாலும் பரவாயில்லை, மெல்ரோய்."

"சேச்சே! என்ன கதை மிஸ்?"

அவள் தேநீர் தருவித்தாள். மெல்ரோய் குடித்துக்கொண்டே வேலை செய்தான். பெற்றிஸ் வாங்குவித்தாள். அதையும் ஒரு கையால் தின்றுகொண்டு மற்றக் கையால் வேலை செய்தான். வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தாள். சுகம்தான் என்று சொல்லிக்கொண்டே அவன் அவுட்பொக்ஸைத் திறந்துவிட்டான்.

"ஆ, இந்தா இருக்குது! தொண்டையில முள்ளு மாதிரி ஒரு பெரிய மெயில். இதை வெளிய தள்ளினா, பின்னால நிக்கிற எல்லாம் ஓடும்."

"அதை டிலீற் பண்ணிப்போடுவமே?" என்று செலீன் காதோடு காதாகச் சொன்னாள்.

"டிலீற்றா?" மெல்ரோய்க்குக் கிசுகிசுக்கத் தெரியாது. "இது சேருக்குப் போற மெயில்! சேர், செலீன் மிஸ் வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒண்டு போட்டிருக்கிறாங்க. இங்க மாட்டிக்கொண்டு நிக்குது. 'எனது இறுதி முடிவு' எண்டு மேல இருக்குது!"

எட்வேட் பேனையைக் கீழே வைத்தான். முதலாளி பத்திரிகையோடு அறை வாசலுக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமை எழுதினதோ?"

"ஓம் சேர்... அது சும்மா ஒரு..."

"அனுப்பட்டும்" என்றார் அவர். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "மனசில இருக்கிறது எதுவோ அது வரட்டும். நான் பாக்கிறன்." கதவு சாத்திக்கொண்டது.

இனி அழிக்கவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை மடல் ஒன்று அவருக்குப் போயே ஆக வேண்டும். எதுவும் போகாவிட்டால் அவர் கேட்பார். அவர் கேட்காவிட்டால் எட்வேட் கேட்க வைப்பான்.

"படங்களைக் கழட்டிப்போட்டுத் திரும்ப அனுப்பினா, பறக்கும் மிஸ்" என்றான் மெல்ரோய். ஏதோ செய்து, திறக்காமல் அடம்பிடித்த மடலைத் திறந்தும் கொடுத்தான்.

"நீங்கள் அங்கால திரும்புங்கோ. இது பேர்சனல்."

மெல்ரோய் நாகரிகமானவன். கதிரையோடு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

செலீன் தன் ராஜினாமாவை வாசித்தாள். என்ன அழகாக எழுதியிருக்கிறாள்! ஒரு கணம் அதை அழிக்க மனமே வரவில்லை. பிறகு நுகேகொடையை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தலைகீழாகப் புரட்டத் தொடங்கினாள்.

தலையில் சொட்டும் ஏசித் தண்ணீர் அவமானம் என்று எழுதியிருந்த இடத்தில், அதைக் கோயில் தீர்த்தமாகவே தான் ஏற்றுக்கொள்வதாக மாற்றினாள். காலுறைகள் இருந்த இடத்தில், அவை காயும் வாசனை தன் வீட்டிலேயே இருப்பது போன்ற ஆறுதலைத் தருவதாகப் போட்டாள். கடைசி வரிதான் அந்த மடலின் உயிர். 'உங்கள் முகத்தை இனி ஒரு நாள்கூட என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.' அதை எடுத்துவிட்டு, 'உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. இந்த மேசையை விட்டு எங்கும் போவதில்லை என்பதே எனது இறுதி முடிவு' என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை நுகேகொடையைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாத மாதிரி எழுதுவதுதானே கெட்டித்தனம். எழுதியது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் புகழ்ச்சியால் கெட்டுப்போன முதலாளியை அவள் இதுவரை கண்டதில்லை.

"அனுப்புங்க மிஸ்!"

மடல் பறந்தது. பின்னாலேயே எட்வேட்டின் மடல்களும் கொன்டெய்னர்களும் வரிசையாகப் பறந்தன.

"பாத்தீங்களா? ஒண்டுமே தொலையேல்லை" என்று மெல்ரோய் பெருமையோடு எழுந்து போனான்.

முதலாளி எந்த மடலையும் திரையில் படிப்பதில்லை. கண் கலங்கும் என்பது அவர் சொல்லும் காரணம். மௌஸ் பிடிக்கத் தெரியாது என்பது எட்வேட் சொல்லும் காரணம். எப்படியோ, ஒஃபிஸ் உதவியாளர் இராமர்தான் எல்லாவற்றையும் பிறின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். இப்போதும் ஒரு தாளோடு உள்ளே போனார். செலீன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

காலையிலிருந்து முதன்முறையாக இராசரத்தினத்தின் முகம் முழுதாகத் தெரிந்தது. அது மலர்ந்திருந்தது.

"பிள்ளை!" கையில் தாளோடு வெளியே ஓடி வந்தார். "இது நீங்கள் எழுதினதுதானே?"

"ஓம் சேர்."

"மனசார?"

எட்வேட் பார்த்துக்கொண்டிருந்தான். "மனசார, சேர்" என்றாள் செலீன்.

அவருடைய கண் உண்மையிலேயே கலங்கியது. "நான் எவ்வளவு பெரிய அநியாயம் செய்யப் பாத்தன்! இப்பிடிப்பட்ட பிள்ளையை நுகேகொடைக்குக் கலைக்க இருந்தனே. எட்வேட், நுகேகொடைக்கு நீர் போம்!"

எட்வேட் கதிரையோடு துள்ளி எழுந்தான்.

"சேர், நுகேகொடைக்கு நான்..." என்று செலீன் வாயெடுத்தாள்.

"தியாகம் செய்ய வேண்டாம், பிள்ளை. எனக்கு எல்லாம் விளங்குது. இந்தக் கண்ணாடியையும் நாளைக்கே கழட்டுவம். என்ட மேசையை இங்க கொண்டுவந்து, உங்கட மேசையோட சேத்து, நேருக்கு நேர் போடுவம்." அவர் பொக்கெட்டிலிருந்து ஈரக் காலுறைகளை வெளியே எடுத்தார். செலீன் அப்போதுதான் கவனித்தாள், காலையிலிருந்து ராக்கை வெறுமையாக இருந்திருக்கிறது. அவர் ஒவ்வொன்றாக உதறி, பழைய இடத்தில் அன்போடு காயப்போட்டுவிட்டுப் போனார்.

டப்பாவைத் தப்பி ஒரு சொட்டுத் தண்ணீர் செலீனின் உச்சந்தலையில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இராமர் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் நின்றார்.

"என்ன இராமர்?"

"ஏன்க்கா மனச மாத்திக்கிட்டீங்க? சனிக்கெழம பிறின்டருல பேப்பர் போட்டதும் ஒங்க லெட்டர் தானா வெளிய வந்துச்சு, அதப் படிச்சிட்டுத்தானே ஐயா, 'என் மொகமே தெரியாத எடத்துல அந்தப் புள்ள நிம்மதியா இருக்கட்டும்'னு நுகேகொடைய ஒங்களுக்குக் குடுத்தாரு!"