கடி டாக்டரின் விரல்

பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவில் எத்தனை பிள்ளைகளுக்குப் பல் முளைத்திருக்கிறதோ, அத்தனை பேரும் கடித்த அடையாளம் அந்தப் பல் டாக்டரின் விரலில் இருக்கும். கடி டாக்டர் என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் குத்துகிறது என்று நினைத்து, தேய்ப்பதையே நிறுத்திவிட்டேன். டிகிரி படித்தவள் செய்த வேலை. ஈறு வீங்கி, முன்பல் ஒன்று லேசாக ஆடத் தொடங்கியது. விழுந்து முளைத்த பல் அது. இனி போனால் போனதுதான். முதலில் போன கிளினிக்கில் சொல்லாமல் கொள்ளாமல் வாய்க்குள் கருவியை விட்டார்கள். அதன்பிறகு வாயருகே யார் கை வந்தாலும் கடித்தாள்.

கடி டாக்டரிடம் போனோம். அவர் நோயாளி நாற்காலியில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார்.

"வாம்மா, மொதல்ல நீ என் வாயப் பாரு."

ஜெனி கையுறை மாட்டிக்கொண்டு துழாவினாள். "இன்னா சார், உங்களுக்கே ஒரு பல்லு இல்ல?"

"சொன்ன பேச்சு கேக்கல. வெளிய அனுப்பிட்டேன்."

பிறகு அவள் விரலை அவள் ஈறோரத்திலேயே வைத்தார். "எப்டி கீது?"

"சொரசொரன்னு. நைனாவோட படகு அடியில இருக்குமே, அந்த மாதிரி."

"நைனா அத இன்னா பண்ணுவாரு?"

"கரை ஏத்திச் சொரண்டுவாரு." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என்னையும் கரை ஏத்துங்க சார்."

எழுந்து, அவளை உட்கார வைத்து நாற்காலியைச் சாய்த்தார். கருவியை முதலில் அவள் நகத்தில் வைத்து அதிர்வைக் காட்டினார், பிறகு வாயில் வைத்தார். பாதியில் வலித்திருக்க வேண்டும், சட்டென்று கடித்துவிட்டாள். அவர் முகம் சுருங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. கத்தினால் காரணம் தெரியாமல் பிள்ளை மிரண்டுவிடும்.

"பாதிப் படகு முடிஞ்சுது" என்றார், அதே குரலில்.

போகும்போது என்னிடம் சொன்னார்: "ரத்தம் வந்தாலும் தேய்க்கணும்மா. மெதுவா, விடாம."

அடுத்த வாரம் ஜெனி அவர் விரலில் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். "இது இன்னா சார்?"

"நண்டு புடிச்சிடுச்சு."

"நண்ட எப்டிப் புடிக்கணும்னு எங்க நைனாவக் கேளுங்க சார். இது கூடத் தெரியல."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மறுமாதம் பல் ஆடவில்லை. ஜெனியின் நைனா டாக்டருக்கு ஏரி நண்டு கொடுத்தனுப்பினார். கொடுக்குகளைக் கட்டித்தான் கொடுத்திருந்தார். பஸ் ஏறும் முன் நான் இன்னொரு முறை இறுக்கிக் கட்டினேன். அந்த விரல் பட்டது போதும்.