தலைவரின் இரண்டு மூக்குகள்

எங்கள் புறநகர் டூங்கபியில் கிரேக்க மூக்குள்ள தமிழர் அத்தனை பேரையும் படைத்தவர் ரோமாபுரி அங்கிள்தான். பிரம்மாவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். கல்லறைக் கல் வெட்டும் யார்டில் வேலை. அங்கே மிஞ்சும் வெள்ளை மார்பிள் கட்டிகளைக் கராஜுக்குக் கொண்டுவந்து, தெரிந்தவர்களின் தலைகளைச் செதுக்குவார். ஒரே ஒரு தடவை ரோமுக்கு டூர் போனவர். பத்து நாள். வந்த பிறகு அவருடைய கார் கராஜுக்குள் நுழைந்ததே இல்லை. உள்ளே தலைகளுக்குத்தான் இடம்.

அந்தத் தலைகளுக்குச் சட்டம் உண்டு. சிரிக்கக் கூடாது. கண்ணில் மணி கூடாது. தோளில் மடிப்பு மடிப்பாக ஒரு துணி, அவ்வளவுதான். நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே நேர்கோடு. என் தலையைச் செய்து காட்டியபோது, "அங்கிள், என் மூக்கு இப்படி இல்லையே?" என்றேன்.

"ஓம், அது பிழை. நான் திருத்திப்போட்டன்," என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஓய்வு பெற்றபோது, மண்டபத்தில் வைக்க அவருடைய தலையைச் செய்து தரும்படி கேட்டார்கள். தலைவர் மூக்கு அகலமானது. அவர் பேச எழுந்தால் மைக்குக்கு முதலில் போய்ச் சேர்வது அதுதான். அங்கிள் நான்கு மாதம் உழைத்தார். விழாவில் துணியை விலக்கினால், ஒரு ரோமானியத் தளபதி எங்களைப் பார்த்தும் பாராமல் நின்றார். தலைவர் சொக்கிப்போனார்.

"அப்பிடியே நான்தான்," என்றார்.

அவருடைய மனைவி சிலையை ஒருமுறை சுற்றி வந்து, "இது ஆர்?" என்று கேட்டார்.

அங்கிள் பொறுமையாக விளக்கினார். "அக்கா, இது கிரேக்க அழகு."

"எனக்குக் கிரேக்கம் தெரியாது தம்பி. முப்பது வருசம் குறட்டை கேட்ட மூக்கு எனக்குத் தெரியும். அதைத் திருப்பித் தாங்கோ."

வீட்டுக்கு அங்கிள் என் காரில்தான் வந்தார். பாதி வழியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கல்லில மூக்கைக் குறைக்கலாம். கூட்ட ஏலாது," என்றார்.

அடுத்த சனிக்கிழமை கராஜில் புதுக் கட்டி வந்து இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைக் நாற்காலியில் உட்காரவைத்து மூக்கை அளந்தார்.

"முதல் செய்ததே நல்லம்தானே?" என்றார் தலைவர்.

"கதையாதேங்கோ. மூக்கு அசையுது."

குளிர்காலம் முழுக்க உளிச் சத்தம். முடிந்ததும் தலைவரின் மனைவியை வரவழைத்தார். அகலமான மூக்கு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி. அந்த அம்மா அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஓம், இவர்தான்," என்றார். பிறகு விரலைக் கண்ணுக்கு நகர்த்தி, "கண்ணில மணி இல்லாட்டிலும் பரவாயில்லை. இவர் என்னை இப்பிடித்தான் பாக்கிறவர்."

அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பி உளிகளை அடுக்கத் தொடங்கினார். இருந்தவை இரண்டு உளிகள். வெகுநேரம் அடுக்கினார்.

கிரேக்க மூக்கு இன்றும் மண்டபத்தில் இருக்கிறது. சொந்த மூக்கு தலைவர் வீட்டு வரவேற்பறையில்.

போன வருடம் அங்கிள் மகளோடு இருக்க மெல்பர்ன் பக்கம் கிரான்பர்னுக்குப் போய்விட்டார். ஈஸ்டர் விடுமுறையில் அவரைப் பார்க்கக் காரிலேயே கிளம்பினோம்; பத்து மணி நேர ஓட்டம். டிக்கியில் ஒரு வெள்ளை மார்பிள் கட்டி. துணிமணிப் பைகள் என் மனைவியின் மடியில்.

"ஏங்க, மெல்பர்ன்ல கல் கிடைக்காதா?" என்றாள்.

கிடைக்கும்தான்.