ஓகஸ்ட் பிள்ளைக்காக நான் எழுதிய திருத்தம்

விதிகள் எல்லாம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது ஆபத்து. கவுன்சிலில் முப்பது வருடம் மேன்முறையீட்டுக் கோப்புகளோடு கிடந்து ஓய்வுபெற்ற நான், இதை வாக்குமூலமாகவே தருகிறேன்.

என் பேத்தி மிதுனா ஓகஸ்ட் முப்பதாம் திகதி பிறந்தவள். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் பள்ளி வகுப்புகளைச் செப்டெம்பர் முதலாம் திகதியை வைத்துப் பிரிக்கிறார்கள். அதனால் ஏறக்குறைய ஒரு வயது மூத்த பிள்ளைகளோடுதான் அவள் ஓடவேண்டும். ஆறு வயதில் அது பெரிய வித்தியாசம் (அவர்கள் பாய்கிறார்கள், இவள் சப்பாத்து நாடாவை மிதிக்கிறாள்). இரண்டு வருடமும் கடைசி. "இனி நான் ஓட மாட்டன்" என்றாள். எனக்கு நித்திரை போயிற்று.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியிலும் அதே கணக்குத்தான்; அதன் விளையாட்டுக் குழுச் செயலாளர் நான். வயதுப் பிரிவுகளை ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து கணக்கிடத் திருத்தம் கொண்டுவந்தேன். இனி மிதுனாதான் தன் பிரிவில் மூத்தவள்.

"சின்னப் பிள்ளையள் ஓடுறதுக்கு ஏன் அண்ணை உபவிதி?" என்றார் தலைவர். பிறகு, தேநீர் ஆறுகிறதென்று ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டார்; திருத்தம் நிறைவேறியது.

போட்டி நாள். மைதான மேசையில் இருந்தேன். பெயர்ப்பட்டியல் என் முன்னால். என் திருத்தம் அவளை ஒரு வகுப்புக் கீழே இறக்கிவிடும் என்பது கணக்கில் தெரியும். கண்ணால் பார்த்தது அப்போதுதான். அவள் தோளுக்கும் எட்டாத பிள்ளைகள். ஒன்றின் வாயில் சூப்பி.

"அம்மப்பா, இவை எல்லாம் பேபீஸ்!"

"பொறுங்கோ பிள்ளை, விசில் அடிக்கப் போகினம்."

"ஏலாது."

விசில் அடித்தது. அவள் அசையவில்லை. அடுத்த ஓட்டம் அவள் வகுப்புப் பிள்ளைகளுடையது. யாரும் தடுக்குமுன் ஓரத்தில் போய் நின்றாள், ஓடினாள். எட்டுப் பேரில் ஏழாவது!

"நான் கடைசி இல்லை!" என்று மேசையைச் சுற்றிக் குதித்தாள்.

எட்டாவதாக வந்த பையனின் தாய் விதித்தாளோடு வந்தார். "ஐயா, வேற பிரிவில ஓடினால் பெயரை நீக்கவேணும். நீங்கள் எழுதினதுதான்."

"தங்கச்சி, ஏழாம் இடத்துக்குப் பரிசு இல்லையே."

"பரிசை யார் கேட்டது? என்ர மகனை ஏழாவது எண்டு எழுதுங்கோ."

"அப்பவும் அவர் கடைசிதானே?"

"ஏழாவது எண்டு எழுதுங்கோ!"

"அப்பா, பெயரை வெட்டாதேங்கோ" என்றாள் என் மகள். ஆனால் எழுதியவனே மீறினால் பிறகு விதி எதற்கு? மிதுனா மேசை விளிம்பில் நாடியை வைத்து என் பேனாவையே பார்த்தாள்.

"நான் கடைசி இல்லைத்தானே, அம்மப்பா?"

"ஓம்."

"அப்ப கீறுங்கோ."

அவள் பெயரின் மேல் கோடு கீறினேன். அடுத்த கூட்டத்தில் என் திருத்தத்தை ஒரே நிமிடத்தில் ரத்துச் செய்தார்கள் (அதற்கு மட்டும் தேநீர் தேவைப்படவில்லை).

இப்போது மிதுனாவுக்குப் பத்து வயது. எந்த ஓட்டத்தையும் விடுவதில்லை. வீட்டுக்கு வரும் சிநேகிதிகளுக்கு என்னை ஒழுங்காக அறிமுகமும் செய்கிறாள்:

"இவர் என்ர அம்மப்பா. என்னை டிஸ்குவாலிஃபை பண்ணினவர்."