யாதவியின் கடையை மூடச் சொல்லுங்கோ, அத்தான்

வின்டர்தூர், சுவிற்சர்லாந்து,
புதன்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய தவராஜா அத்தான் அவர்கட்கு,

தங்கள் மைத்துனன் நித்தியானந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு சுகம் என்று எழுதவேண்டியது முறை, எழுதிவிட்டேன். கனடாவில் தாங்களும் அக்காவும் உண்மையாகவே சுகமாக இருக்கவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

ஏன் இவன் பேனை பிடித்து எழுதுகிறான் என்று தாங்கள் யோசிக்கக்கூடும். தொலைபேசியில் கதைத்தால் என் மனைவி செல்வராணிக்குக் கேட்கும். வட்ஸ்அப்பில் போட்டால் பின்னேரத்துக்குள் நோர்வேக்குப் போய், லண்டனைச் சுற்றி, எனக்கே திரும்பி வரும். ஆகவே கடிதம். வாசித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் எங்கள் மூத்தவள் யாதவியைப் பற்றியது. பதறவேண்டாம், உயிருக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான். பிள்ளை எட்டு வருசமாக ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதியில் பிசியோதெரபி செய்தவள் என்பது தாங்கள் அறிந்ததே. தை மாதம் வந்து, "அப்பா, வேலையை விடப்போறன், பழைய நகரத்துக்குள்ள ஒரு கடை எடுத்திருக்கிறன், பொம்பிளையளுக்கான பூட்டிக், வடிவா, அமைதியா இருக்கும்" என்றாள். பெண்களுக்கான கடை என்றால் நான் என்னத்தை நினைப்பேன் அத்தான்? சேலை, சட்டை, கைப்பை. அந்த வெள்ளிக்கிழமையே கோயில் தலைவர் குணசேகரம் அண்ணையிட்டச் சொன்னன். அவர் பூசை முடியிற வரைக்கும் பொறுக்கேல்ல, மைக்கைப் பிடிச்சு, "நித்தியின்ர மகள் உடுப்புக்கடை திறக்கிறா, எல்லாரும் குடும்பமாப் போய் ஆதரவு குடுக்கவேணும்" எண்டுபோட்டார். சனம் கை தட்டினது. நானும் எழும்பி நிண்டு நாலு திசைக்கும் கும்பிட்டன். அதை நினைக்க இப்பவும் காது சுடுகுது.

திறப்புவிழாவுக்கு ஒரு கிழமை முன்னம், "அப்பா, போஸ்ற்றில ஒரு பெட்டி வந்திருக்காம், எடுத்துக்கொண்டு வாறியளோ?" எண்டு கேட்டாள். எனக்கு வயோதிபர் இல்லத்துக் குசினியில காலமை வேலைதானே, மத்தியானத்துக்குப் பிறகு சும்மாதான். போனன், எடுத்தன், பஸ்ஸில ஏறி மடியில வைச்சுக்கொண்டு இருந்தன். மூன்றாவது தரிப்பிடத்தில பெட்டி உறுமத் தொடங்கிச்சுது. ஓம் அத்தான், உறுமினது, என்ர தொடையெல்லாம் அதிர. எங்கட காலத்தில யாழ்ப்பாணத்தில வளர்ந்தவனுக்குப் பெட்டி உறுமினால் என்ன நினைப்பு வரும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில இருந்த எல்லாரும் என்னையே பாக்கினம். கறுத்த ஆள், பெட்டி, சத்தம். பொலிஸ் வரப்போகுது, முப்பத்துநாலு வருசம் பிழை விடாமல் இருந்து எடுத்த பாஸ்போட் போகப்போகுது எண்டு நினைச்சன். அடுத்த தரிப்பிடத்தில குதிச்சு, பக்கத்துப் பூங்காவில புல்லுக்கு நடுவில பெட்டியை வைச்சுப்போட்டு, ஓடிப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால குந்தியிருந்து மகளுக்கு ரெலிபோன் அடிச்சன். "பிள்ளை, ஆரோ உன்னைக் கொல்லப் பாக்கிறாங்கள்!"

அவள் சைக்கிளில பறந்து வந்தாள். பெட்டியை உடைச்சு, உள்ளுக்க விரலை விட்டு எதையோ அமத்த, சத்தம் நிண்டுது. "பற்றரி கழட்டாமல் அனுப்பிப்போட்டாங்கள் அப்பா" எண்டாள்.

"அது என்ன மோனை, ஷேவ் எடுக்கிறதோ?"

அவள் என்னைப் பூங்கா வாங்கில இருத்தித் தானும் பக்கத்தில இருந்தாள். சுத்தி வளைக்கேல்ல, சிரிக்கவும் இல்லை. "அப்பா, எட்டு வருசமா என்னட்ட வந்த பொம்பிளையளைப் பாத்தனான். பிள்ளை பெத்தாப்பிறகு, கான்சர் வைத்தியத்துக்குப் பிறகு, ஐம்பது வயதுக்குப் பிறகு, தங்கட உடம்பே தங்களுக்கு நோகுது எண்டு சொல்லத் தெரியாமல் வெக்கத்தில இருந்தவை. அவைக்கு உதவுற சாமான் இருக்கு. ஆனா அதை விக்கிற கடையளைப் பாத்திருக்கிறியளோ? கண்ணாடியெல்லாம் கறுப்பு, நிக்கிறது ஒரு ஆம்பிளை. நான் ஒரு வெளிச்சமான கடை போடுறன். பட்டு உடுப்பு, எண்ணெய், புத்தகம், இதுகளும். அவை கதிரையில இருந்து ஆறுதலாக் கதைச்சு, சந்தோசமாப் போகவேணும்."

பேந்து எனக்கு வாயில வந்தது இதுதான்: "பிள்ளை, குணசேகரம் அண்ணை மைக்கில சொல்லிப்போட்டார்."

வீட்ட போய் செல்வராணியிட்டச் சொன்னால், அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு, "எனக்குத் தையிலயே தெரியும், கடைத் திரைச்சீலைக்கு நிறம் தெரிவுசெய்ததே நான்தான்" எண்டுறா. முப்பத்துமூன்று வருசம் ஒரே வீட்டில இருக்கிறம் அத்தான்.

சனத்தையாவது மறிப்பம் எண்டு குணசேகரம் அண்ணைக்கு ரெலிபோன் அடிச்சு, "கடையில குழாய் உடைஞ்சு வெள்ளம், திறப்புவிழா இல்லை" எண்டன். அந்த மனிசன் குழாய் வேலை செய்யிறவர் எண்டது சொல்லி முடிச்சாப்பிறகுதான் ஞாபகம் வந்தது. "நீ யோசியாதை தம்பி, ஸ்பனர்ப் பெட்டியோட வாறன்" எண்டார்.

போன சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் ஸ்பனர்ப் பெட்டியோட வந்தார். பின்னால அவற்ற மனிசி ஜெயந்தி அக்கா, அவவுக்குப் பின்னால கோயில் மாதர் சங்கம், பதினொரு பேர், காஞ்சிபுரம் கட்டி, தாம்பாளத்தில மஞ்சள் குங்குமம் கற்கண்டு. நான் வாசலில கையை விரிச்சுக்கொண்டு நிண்டன். "ஆம்பிளையள் வெளியில நில்லுங்கோ" எண்டு ஜெயந்தி அக்கா என்ர கைக்குக் கீழால குனிஞ்சு உள்ளுக்க போனா. மற்றவையும் போச்சினம். கதவு சாத்தினது.

பத்து நிமிசம் ஒரு சத்தமும் இல்லை. இப்ப தாம்பாளம் பறக்கும், இப்ப கத்திக்கொண்டு ஓடிவருவினம், கோயிலால எங்களைத் தள்ளிவைப்பினம் எண்டு வரிசையா நினைச்சுக்கொண்டு நிக்கிறன். திடீரெண்டு கொல்லெண்டு ஒரு சிரிப்பு. பேந்து திரும்பவும் அமைதி. கண்ணாடியில திரைச்சீலை விலகின இடத்தால எட்டிப் பாத்தன். பதினொரு பேரும் கம்பளத்தில சப்பாணி கட்டி இருக்கினம், யாதவி நடுவில நிண்டு சொல்லிக்கொடுக்கிறாள், ஜெயந்தி அக்கா சேலைத் தலைப்பால கண் துடைக்கிறா. ஒண்டரை மணித்தியாலம்!

"என்னடாப்பா, உள்ளுக்க பிளவுஸ் தைக்கினமோ?" எண்டு குணசேகரம் அண்ணை கேட்டார்.

"அளவெடுக்கினம் அண்ணை" எண்டன்.

வெளியில வரேக்க எல்லாரின்ர கையிலயும் பேர் போடாத சின்னச் சாம்பல் பை. "என்ன வாங்கினனீர்?" எண்டு அண்ணை கேக்க, "உங்களுக்கென்னத்துக்கு, காரை எடுங்கோ" எண்டா ஜெயந்தி அக்கா. என்னைக் கடக்கேக்க மாத்திரம் நிண்டு, "தம்பி, பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறியள்" எண்டா. ஏச்செண்டால் தாங்கியிருப்பன். இது ஏச்சோ புகழ்ச்சியோ எண்டு தெரியாமல் மூன்று நாள் சோறு இறங்கேல்ல.

நேற்று அண்ணையே கூப்பிட்டார், கோயில் கார் தரிப்பிடத்துக்கு. முடிஞ்சுது கதை எண்டு செல்வராணியிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனன். அவர் காருக்குள்ள ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "நித்தி, கடைசிப் பெடியன் பிறந்த நாள் தொடக்கம் ஜெயந்திக்கு நோவாம். பதினெட்டு வருசம். என்னோட கோவம் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இப்பதான் சொன்னவ." அவற்ற கண் கலங்கிப்போச்சு. எனக்கும்தான். ஆனா அவர் மூக்கைத் துடைச்சுப்போட்டு அடுத்ததாச் சொன்னதுதான் பயங்கரம்: "இது எல்லாச் சனத்துக்கும் தெரியவேணும். வாற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி, மைக்கில நானே விளங்கப்படுத்துறன்."

அத்தான், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் சொன்னால் யாதவி கேப்பாள். கடையை மூடச் சொல்லுங்கோ, இல்லாட்டி சேலைக்கடையா மாத்தச் சொல்லுங்கோ. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஏதாவது செய்யுங்கோ.

அக்காவுக்கு என் அன்பும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகளும். முருகன் தங்கள் குடும்பத்தையும், நேரம் கிடைத்தால் என்னையும் காப்பாராக.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
தங்கள் மைத்துனன்
நித்தியானந்தன்

பி.கு.: சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் போடேல்ல. மேலே கேட்டது ஒண்டும் செய்யவேண்டாம், யாதவிக்கு ஒரு சொல்லும் சொல்லவேண்டாம். வாற வெள்ளி அண்ணை மைக்கில சொல்லுறதெண்டாலும் சொல்லட்டும். புதன் பின்னேரம் அவளுக்குப் பல்லு வைத்தியரிட்டப் போகவேண்டி வந்து, "ஒரு மணித்தியாலம் கடையில நில்லுங்கோ அப்பா" எண்டாள். தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நிண்டன். தலையில துணி கட்டின ஒரு சுவிஸ் பொம்பிளை, மெலிஞ்சு, பெரிய நோயில இருந்து எழும்பினவ போல, கண்ணாடிக்கு வெளியில வந்து நிண்டா, போனா, வந்தா, போனா. நாலாந்தரம் வரேக்க அவவின்ர முகத்தைப் பாத்தன். அத்தான், அப்பிடிப் பயந்த முகத்தை முகம் பாக்கிற கண்ணாடியில மட்டும்தான் நான் பாத்திருக்கிறன். தொப்பியைக் கழட்டிப்போட்டுப் போய்க் கதவைத் திறந்து, என்ர உடைஞ்ச ஜேர்மன் பாசையில, "உள்ளுக்க வாங்கோ, எனக்கும் பயம்தான்" எண்டன். அவ சிரிச்சா. மகள் வருமட்டும் இரண்டு பேரும் கடை வெல்வெட் கதிரையளில இருந்து மழையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தம்.