இரண்டு பஞ்சாங்கமும் ஒத்த நேரம்

பெட்டி தயாராகிவிட்டது. அதை எந்த நாளில் கடைக்கு முன்னால் வைப்பது என்பதில்தான் கதிரவேலு வீட்டில் இழுபறி.

மானிப்பாய்ச் சந்திக்குப் பக்கத்தில் தகரக் கடை வைத்திருந்தார் கதிரவேலு. சண்டைக்குப் பயந்து சனம் அடிக்கடி மூட்டை கட்டி ஓடவேண்டியிருந்த காலம் அது. காணி உறுதி, நகை, பிள்ளைகளின் சேட்டிபிக்கற் எல்லாவற்றையும் நனையாமல் கொண்டுபோக, சைக்கிள் கரியரில் கொளுவிப் பூட்டக்கூடிய ஒரு தகரப் பெட்டி செய்திருந்தார். மழைத் தண்ணீர் புகாதபடி மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். நல்ல பெட்டி.

பயமெல்லாம் இணுவிலில் தகரக் கடை வைத்திருந்த ஏரம்புவை நினைத்துத்தான். போன வருடம் கதிரவேலு மரத்தூள் அடுப்புச் செய்தார். ஏரம்பு அதைப் பார்த்துச் செய்துவிட்டார் என்பது கதிரவேலுவின் கட்சி. சனம் அதற்கு 'ஏரம்பு அடுப்பு' என்றே பெயர் வைத்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்தப் பெட்டியாவது தன் பெயரில் நிற்கவேண்டும் என்று தவித்தார்.

"புதன்கிழமை வையுங்கோ. வாக்கியத்திலை அமிர்தயோகம் போட்டிருக்கு," என்றாள் மனைவி குணலட்சுமி.

"திருக்கணிதத்திலை அந்த நேரம் மரணயோகம். எங்கடை வீட்டிலை ஒருநாளும் வாக்கியம் பாத்ததில்லை."

"அப்ப உங்கடை திருக்கணிதத்தையே கூட்டிக்கொண்டு போய் வில்லுங்கோ. நான் கடைப் பக்கம் வரமாட்டன்."

அவள் பிறந்த வீடு வாக்கிய பஞ்சாங்கம். இவர் வீடு திருக்கணிதம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

சமாதானத்துக்காகக் கதிரவேலு உடுவிலுக்குச் சைக்கிள் மிதித்தார். அங்கே முத்துக்குமாருச் சாத்திரியார் இரண்டு பஞ்சாங்கத்திலும் நாள் பார்ப்பவர்.

"என்ன பொருளெண்டு சொன்னால்தானே தம்பி நேரம் பாக்கலாம்? வாகனமோ, பாத்திரமோ, வீடோ?"

கதிரவேலு யோசித்தார். "வாகனத்திலை இருக்கும் ஐயா. பாத்திரம் மாதிரி. ஆனா வீடே அதுக்குள்ளை போகும்."

"வடிவாச் சொல்லும்."

சொன்னார். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் வாங்கினார். சாத்திரியார் மறுக்காமல் கற்பூரத்தில் அடித்துக் கொடுத்தார். இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகிற நேரம் அடுத்த மாதம் ஒரு வியாழன் காலையில்தான் கிடைத்தது.

அதுவரை பெட்டியை ஒளிக்கவேண்டுமே! கடையைப் பூட்டிவிட்டு வீட்டு அறைக்குள் இருந்து மற்றப் பெட்டிகளைச் செய்தார். கடை ஏன் பூட்டு என்று கேட்டவர்களுக்கு, "அவருக்குக் காய்ச்சல்," என்றாள் குணலட்சுமி. காய்ச்சல் என்றால் ஊர் சும்மா விடுமா? வாழைப்பழத்தோடு சுகம் விசாரிக்க வந்துவிட்டது. பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே போயின. கதிரவேலு கட்டிலுக்கு மேலே போனார்.

"வரேக்கை தகரம் தட்டுற சத்தம் கேட்டுதே?" என்றார் பக்கத்துக் கடை சோமசேகரம்.

"அது கட்டில் அண்ணை. இவர் நடுங்கேக்கை கிடந்து அடிக்கும்," என்றாள் குணலட்சுமி.

"அப்பிடி நடுங்கினால் அது மலேரியா, பிள்ளை!"

அன்று பின்னேரமே மூன்று வீடுகளில் இருந்து கசப்பு மருந்துக் குடிநீர் வந்தது. கொண்டுவந்தவர்கள் கதிரவேலு குடித்து முடிக்கும்வரை போகவில்லை. பெயருக்காக மனிதன் எதைத்தான் குடிக்கமாட்டான்!

வியாழன் வந்தது. சொன்ன நேரத்தில் தேங்காய் உடைத்து, பெட்டிகளை அடுக்கிவைத்தார். மத்தியானமாகியும் ஈ காக்கை இல்லை. கடைசியில் சோமசேகரம் வந்து இறங்கினார். அவருடைய கரியரில் அதே பெட்டி, அதே ரியூப் விளிம்பு.

"இணுவிலிலை ஏரம்பு இண்டைக்குக் காலமைதான் வைச்சவர். சனம் நெரியுது. நீரும் செய்யிறீரோ? நல்லது, நல்லது. காய்ச்சல் மாறிட்டுதோ?"

கதிரவேலுவுக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும்போல் இருந்தது. சைக்கிளை உடுவிலுக்கு உழக்கினார்.

"சத்தியம் செய்துபோட்டு ஏரம்புவுக்குச் சொல்லிப்போட்டியளே ஐயா! உங்களை எவ்வளவு நம்பினனான்!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாத்திரியார் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி பத்மாவதிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்:

"ஏன் தம்பி இவரைப் பேசுறியள்? ஏரம்பு உங்களுக்கு முந்தியே இந்தப் பெட்டிக்கு நாள் பாக்க வந்து, 'என்ரை அடுப்பைப் பாத்துச் செய்த மானிப்பாய்க் கதிரவேலுவுக்கு மட்டும் மூச்சு விட்டிடாதேங்கோ' எண்டு கற்பூரத்திலை சத்தியம் வாங்கினவர். அவருக்குக் கணிச்சு வைச்ச நேரத்தைத்தான் இவர் உங்களுக்கும் தந்தவர்."