சரோஜா தெரியறாளா?

திருவண்ணாமலையில் நெட் வராத போன் எதுவானாலும் எங்கள் லாட்ஜ் மேனேஜர் ‘ஏரோபிளேன்’ கையில் கொடுத்தால் போதும். ஒன்று நெட் வரும், இல்லாவிட்டால் போன்காரருக்குக் குளிர்ஜுரம் வரும்.

“ஏரோபிளேன் மோடு போட்டு எடுங்க சார்” என்பது முதல் வைத்தியம். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். மசியாவிட்டால் சிம்மைக் கழற்றி வேட்டியில் துடைப்பார். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று அதட்டுவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சரோஜா தெரியறாளா பாருங்க” என்பார்.

சரோஜா அவர் மனைவி. இறந்துபோனவர்.

வைஃபை பட்டியலைத் திறந்தால், ‘சரோஜா’ என்று நிற்கும். விஷயம் தெரிந்த ஒரு பக்தர் அப்போதே அறையைக் காலி செய்தார். கிரிவலத்துக்குத்தான் செருப்பில்லாமல் போவார்கள். அவர் பஸ் ஸ்டாண்டுக்கே அப்படித்தான் போனார்.

நான் அங்கே மாத வாடகைக்கு இருந்தேன். ஒரு பௌர்ணமி மதியம், என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் கூப்பிட்டார். “ஆபரேஷன் பண்றாங்களாம், கொழந்தைக்கு மூச்சு...” என்றதோடு லைன் செத்தது. கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் கிடையாது. போனோடு கீழே ஓடினேன்.

ஏரோபிளேன் எல்லா வைத்தியமும் பார்த்தார். “டவர் கீது சார், ஜனம் ஜாஸ்தி. சரோஜா தெரியறாளா?”

“மங்கலாத் தெரியறாங்க.”

“அப்ப கிட்டப் போவணும்.”

மாடியில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். கதவைத் தட்டி, “சரோஜா, சார் வந்திருக்காரு” என்றார். கதவிடுக்கில் நீல வெளிச்சம் ஒன்று விழித்துக்கொண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உள்ளே இருட்டு. கசங்காத படுக்கை. தலையணை மேல் ஒரு போன்.

“அவ போட்டு வச்ச ஹாட்ஸ்பாட்டு சார். வேற கம்பெனி சிம்மு, கூட்டத்துலயும் இழுக்கும். இத மட்டும் நான் ஆஃப் பண்றதில்ல. ஆஃப் ஆனா லாக் நம்பர் கேக்கும். அது அவளுக்குத்தான் தெரியும்.”

காலையிலிருந்து கரண்ட் இல்லை. சார்ஜ் சிவப்பில் நின்றது.

“நான் பேசினா ஆஃப் ஆயிடுமேங்க!”

“பேசுங்க சார்.”

வீடியோவில் மாமியார் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. “பொண்ணு! ரெண்டு பேரும்...” அவர் குரலுக்கு மேலே ஓர் அழுகை கேட்டது. படம் அப்படியே உறைந்தது. தலையணை மேலிருந்த வெளிச்சம் அணைந்தது.

இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. “கொழந்த அழுதுதா சார்?”

“அழுதுதுங்க.”

“அப்ப சரி” என்று போனுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

கரண்ட் வந்ததும் போன் லாக் நம்பரைக் கேட்டது. கல்யாண நாள், பிறந்த நாள் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. அதன்பின் பட்டியலில் சரோஜா தெரியவே இல்லை.

வேலூரிலிருந்து மகளை லாட்ஜுக்குக் கொண்டுவந்தபோது, என் அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்க, ஏரோபிளேன் கையில்தான் முதலில் கொடுத்தேன்.